அளந்து அறிந்த அன்னா மணி

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி மலைச்சாலையில் ஏறி, வண்டிப்பெரியாற்றைக் கடந்து மேற்கே சென்றால் பீருமேடு வரும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3000 அடி உயரத்தில் உள்ள ஊர் அது. தேயிலையும் ஏலமும் செழித்து வளரும் அம்மலைப்பகுதிக்குத் தோட்டவேலை நாடித் தமிழ்க்குடும்பங்கள் பல தலைமுறைகளாக வந்து குடியேறியுள்ளன. உங்களுள் சிலருடைய பாட்டனாரும் பாட்டியாரும் அச்சாலை வழியே நடந்து வந்தவர்களாக இருக்கலாம். மழையும் பனியும் காற்றும் அன்றாட வாழ்வை ஆளும் அம்மண்ணில் பிறந்த பெண்மணி ஒருவர், அம்மூன்றையும் அளப்பதற்கான கருவிகளை நாடு முழுமைக்கும் அமைத்துக் கொடுத்தார். அவர்தாம் அன்னா மணி அம்மையார்.

அவர் 1918ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 23ஆம் நாள் பீருமேட்டில் பிறந்தார். அக்காலத்தில் அவ்வூர் திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்தது. தந்தையார் கட்டடப் பொறியாளர். பரந்த ஏலத்தோட்டங்களுக்கும் உரிமையாளர். எண்மராகப் பிறந்த மக்களுள் அன்னா மணி ஏழாமவர். செல்வச் செழிப்பு மிக்க அக்குடும்பத்தில் ஆண்மக்கள் உயர்பதவிகளுக்காகக் கற்பிக்கப்பட்டனர். பெண்மக்கள் திருமணத்திற்காக வளர்க்கப்பட்டனர். அவ்வேறுபாட்டைச் சிறுமி அன்னா தம் போக்கிலேயே கடந்தார். எட்டு வயதிற்குள் அவ்வூர்ப் பொதுநூலகத்திலிருந்த மலையாள நூல்களை ஏறக்குறைய முழுமையும் படித்து முடித்தார். பன்னிரண்டு வயதிற்குள் ஆங்கில நூல்களும் அவ்வாறே முடிந்தன.

எட்டாம் பிறந்தநாளன்று குடும்ப வழக்கப்படி அவருக்கு வைரத்தோடு பரிசளிக்க முன்வந்தனர். அவர் அதனை ஏற்கவில்லை. அதற்கு ஈடாக பிரிட்டானிகா கலைக்களஞ்சியத் தொகுதிகளைக் கேட்டுப் பெற்றுக்கொண்டார். காதில் அணிய மறுத்த அதே வைரத்தைப் பதினைந்து ஆண்டுகளுக்குள் ஆய்வுக்கூடத்தில் இரவு பகலாக நோக்கப் போகிறார் என்பதை அன்று எவரும் அறிந்திருக்க இயலாது.

1925ஆம் ஆண்டு காந்தியடிகள் வைக்கத்திற்கு வருகை புரிந்தார். கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் எல்லாச் சாதியினரும் நடப்பதற்கு உரிமை கோரிய அறப்போராட்டம் அங்கு நடைபெற்று வந்தது. அப்போராட்டமும் அதனைத் தொடர்ந்த விடுதலை உணர்வும் அன்னா மணியின் இளம் உள்ளத்தில் பதிந்தன. அவர் கதராடை உடுத்தத் தொடங்கினார். தமக்கையர் இளமையிலேயே மணம் புரிந்துகொண்டனர். அவரோ மேற்படிப்பை விரும்பினார். குடும்பத்தார் பெரிதும் தடுக்கவில்லை என்பதையும், பெரிதும் ஊக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுதல் வேண்டும்.

மருத்துவம் பயில வேண்டும் என்பதே அவருடைய முதல் விருப்பம். அது கைகூடவில்லை. இயற்பியலில் நல்ல தேர்ச்சி இருந்தமையால் சென்னை மாநிலக் கல்லூரியில் அப்பாடத்தில் சிறப்புப் பட்டப்படிப்பில் சேர்ந்து, 1939இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே ஆராய்ச்சி உதவித்தொகை பெற்றுப் பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் நிறுவனத்தை அடைந்தார். அங்கே சர் சி. வி. இராமனின் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு இடம் கிடைத்தது.

அக்காலத்தில் இராமன் வைரத்தின் மீது பெரும் ஈடுபாடு கொண்டிருந்தார். இந்தியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் ஏறத்தாழ 300 வைரங்களைத் திரட்டி வைத்திருந்தார். மாணவர் ஒவ்வொருவருக்கும் வைரத்தின் ஒரு பண்பு ஆய்வுப்பொருளாக அளிக்கப்பட்டது. அன்னா மணிக்கு அமைந்தது வைரத்தின் ஒளிர்வு. சில வைரங்களின் மீது புறஊதாக் கதிரோ ஊதா நிற ஒளியோ படும்போது அவை நீலமாகவோ பச்சையாகவோ தாமே ஒளிரும். வேறு சில ஒளிர்வதே இல்லை. ஒரே கரியணுக்களால் ஆன கற்களுக்குள் இவ்வேறுபாடு ஏன் என்பதே அன்றைய வினா.

ஒளிர்வைக் கண்ணால் கண்டால் போதாது. அதனை நிறமாலையாகப் பிரித்து, எந்த நிறம் எவ்வளவு உள்ளது என்று அளத்தல் வேண்டும். அறையின் வெப்பநிலையில் இதனைச் செய்தால் நிறமாலைக் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து பட்டையாகத் தோன்றும். காரணம் எளியது. வைரத்தின் அணுக்கள் வெப்பத்தால் இடைவிடாது அதிர்ந்துகொண்டிருக்கின்றன. அவ்வதிர்வு ஒளியின் அளவைச் சிறிதளவு கூட்டியும் குறைத்தும் குழப்பிவிடுகிறது. திருவிழாக் கூட்டத்தின் நடுவே ஒருவர் மெல்லப் பேசுவதைக் கேட்க முயல்வதற்கு இது ஒப்பாகும். கூட்டம் அடங்கினால் குரல் தெளியும். அணுக்களின் ஆரவாரத்தை அடக்கக் குளிர் ஒன்றே வழி.

அதற்குத் திரவக் காற்று பயன்பட்டது. நாம் சுவாசிக்கும் காற்றையே மிகவும் குளிர்வித்தால் அது நீர்போல் திரவமாகும்; அதன் வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே ஏறத்தாழ 190 டிகிரி செல்சியஸ். மூணாற்றில் சில குளிர்கால விடியற்காலைகளில் புல்நுனியில் உறைபனி படியும்போது வெப்பநிலை சுழியத்தை ஒட்டியே நிற்கிறது. அதனையே நாம் தாங்கொணாக் குளிர் என்கிறோம். அன்னா மணியின் வைரங்கள் அதனினும் 190 டிகிரி கீழே வைக்கப்பட்டன. சில வைரங்களின் ஒளிர்வு மிகவும் மங்கலானது. அதனை ஒளிப்படத் தகட்டில் பதிவு செய்யப் பதினைந்து முதல் இருபது மணி நேரம் வரை இடையறாது ஒளியைப் படவிட வேண்டியிருந்தது. திரவக் காற்றோ திறந்த பாலைப்போல் பொங்கி ஆவியாகிக் கொண்டே இருக்கும். ஆகவே ஆய்வாளர் உறங்குவதற்கு இடமில்லை. பல இரவுகளை அவர் ஆய்வுக்கூடத்திலேயே விழித்துக் கழித்தார்.

முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களை அவர் இவ்வாறு ஆராய்ந்தார். நீலமாக ஒளிரும் வைரங்களில் 415 நானோமீட்டர் அளவில் தெளிந்த கோடு ஒன்று தோன்றியது. வைரம் வெளியிடும் ஒளியின் நிறமாலையும், அது உட்கொள்ளும் ஒளியின் நிறமாலையும், கண்ணாடியில் தெரியும் உருவும் அதன் நிழலும் போல ஒன்றற்கொன்று எதிராக அமைந்திருந்தன. 1942 முதல் 1945 வரையிலான காலத்தில் ஐந்து ஆய்வுக் கட்டுரைகளைத் தனி ஒருவராக எழுதி வெளியிட்டார். இராமனின் கூடத்தில் பெண்கள் மிகச் சிலரே இருந்தனர். ஆண் மாணவர்களோடு கலந்து உரையாடி ஐயம் தெளிந்துகொள்ளும் வாய்ப்பு அவர்களுக்கு அளிக்கப்படவில்லை. அறிவியலில் உரையாடல் பாதிக் கல்வி என்பர். அப்பாதியின்றியே அவர் பணியாற்றினார்.

இங்கே ஒரு செய்தியை விளக்குதல் தகும். ஒளிர்வு என்பது வைரத்தின் உள்ளமைப்பிலேயே பொதிந்த பண்பு என்று இராமன் கருதினார். ஆனால் 1959இல் வேற்றிடத்து ஆய்வாளர்கள் பல வைரங்களுக்குள் நைட்ரஜன் அணுக்கள் கலந்திருப்பதைக் கண்டறிந்தனர். நீல ஒளிர்வுக்குக் காரணம் அம்மாசு அணுக்களே என்பது பின்னர் உறுதியாயிற்று. ஆசிரியரின் விளக்கம் மாறிற்று. மாணவியின் அளவீடுகள் மாறவில்லை. அந்த 415 நானோமீட்டர்க் கோட்டை இன்றும் வைரம் சோதிப்போர் அதே இடத்தில் காண்கின்றனர்.

மாசு அணு ஒன்று ஒரு படிகத்தின் தன்மையையே மாற்றும் என்பது வைரத்தோடு நிற்பதன்று. சிலிக்கானின் அணுக்களும் வைரத்தின் அணுக்களைப் போலவே அடுக்கப்பட்டவை. ஒவ்வோர் அணுவும் தன்னைச் சூழ்ந்த நான்கு அணுக்களோடு கைகோத்து நிற்கும். தூய சிலிக்கான் மின்சாரத்தை நன்கு கடத்துவதில்லை. அதில் மிகச் சிறிதளவு பாஸ்பரசைக் கலந்தால், ஒவ்வொரு பாஸ்பரஸ் அணுவும் ஓர் எலக்ட்ரானை உதிர்த்துவிடும். உதிர்ந்த எலக்ட்ரான்களே மின்னோட்டமாக ஓடுகின்றன. 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜெர்மானியத்தைக் கொண்டு முதல் டிரான்சிஸ்டர் உருவாக்கப்பட்டது. 1954இல் சிலிக்கான் டிரான்சிஸ்டர் வந்தது. வானொலி முதல் கைப்பேசி வரை யாவும் அதன் வழி வந்தவை.

இந்த டிரான்சிஸ்டரைக் கடுங்குளிரில் இட்டால் என்னவாகும்? எலக்ட்ரானைப் பாஸ்பரஸ் அணுவிலிருந்து பிரித்து வைத்திருப்பது அறையின் வெப்பமே. வெப்பம் குறையக் குறைய எலக்ட்ரான்கள் தம் அணுக்களிடமே திரும்பிச் சென்று ஒடுங்குகின்றன. மலைக்குளிரில் மாடுகள் தொழுவத்தை நாடுவது போல. சுழியத்திற்குக் கீழ் 196 டிகிரியில், அதாவது திரவ நைட்ரஜனின் குளிரில், சாதாரண டிரான்சிஸ்டரின் மின்பெருக்கும் ஆற்றல் மிகவும் குன்றிவிடும். சுழியத்திற்குக் கீழ் 269 டிகிரியில், திரவ ஹீலியத்தின் குளிரில், அது பெரும்பாலும் செயலிழந்துவிடும். ஆயின் மின்புலத்தால் இயங்கும் மற்றொரு வகை டிரான்சிஸ்டர் திரவ நைட்ரஜனிலும் இயங்கும். அணுக்களின் அதிர்வு அடங்குவதால் எலக்ட்ரான்கள் தடையின்றி முன்னிலும் விரைந்து ஓடும். விண்வெளித் தொலைநோக்கிகளிலும் குவாண்டம் கணினிகளிலும் பணிபுரிவோர்க்கு இன்று இது நாள்தோறும் எதிர்ப்படும் சிக்கல்.

இனி அம்மையாரின் வாழ்வுக்குத் திரும்புவோம். 1945ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவர் தம் ஆய்வேட்டை முனைவர் பட்டத்திற்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பினார். இந்திய அறிவியல் நிறுவனத்திற்குப் பட்டம் வழங்கும் உரிமை அப்போது இல்லை. அங்கு ஆய்வு செய்தோர்க்குச் சென்னைப் பல்கலைக்கழகமே பட்டம் வழங்கி வந்தது. முதுகலைப் பட்டம் பெறாதவர் என்னும் காரணங்காட்டி அவருக்கு முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. சிறப்புப் பட்டம் பெற்றவர் என்பதும், அத்தகுதியைக் கொண்டே ஆராய்ச்சி உதவித்தொகை பெற்றவர் என்பதும் கருதப்படவில்லை. ஐந்தாண்டு உழைப்பும், ஐந்து கட்டுரைகளும், விழித்த இரவுகளும் ஒரு விதியின் முன் நின்றுபோயின. விதி என்பது ஒழுங்குக்காக ஏற்பட்டது. ஒழுங்காகப் பணிசெய்தவரையே அது வெளியே நிறுத்தியது. அவ்வாய்வேடு பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிலைய நூலகத்தில் வைக்கப்பட்டது. பட்டம் பெற்ற பிறருடைய ஆய்வேடுகளுக்கும் அதற்கும் புறத்தோற்றத்தில் வேறுபாடு ஏதுமில்லை.

அம்மையார் இதனை ஒரு குறையாகப் பிற்காலத்தில் பேசியதில்லை. பட்டம் இல்லாமையால் தம் வாழ்வில் பெரிய மாற்றம் ஏதும் நேரவில்லை என்பதே அவர் கொண்ட நிலை. அது அவருடைய பெருந்தன்மை. நாமும் அவ்வாறே கருதிவிட வேண்டும் என்பதில்லை.

அதன்பின் அரசின் உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்றார். இயற்பியலைத் தொடரவே விரும்பினார். எனினும் கிடைத்த இடம் வானிலைக் கருவிகளைப் பற்றிய பயிற்சிக்கே உரியதாக இருந்தது. அதனை ஏற்றார். 1948இல் விடுதலை பெற்ற இந்தியாவுக்குத் திரும்பிப் புணேயில் உள்ள இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கருவிப் பிரிவில் சேர்ந்தார். அங்கே எஸ். பி. வெங்கிடேசுவரன் என்னும் அறிஞர் வானிலைக் கருவிகளை உள்நாட்டிலேயே செய்ய வேண்டும் என்று முயன்றுகொண்டிருந்தார். அந்நாளில் எளிய கருவிகளும் கடல் கடந்தே வந்தன. அம்மையார் அப்பணியைத் தம் தோளில் ஏற்றார். ஏறத்தாழ நூறு கருவிகளுக்கான வரைபடங்களை ஒழுங்குபடுத்தி, அவற்றைச் செய்விக்கலானார். 1953இல் அப்பிரிவின் தலைமை அவரிடம் வந்தபோது அவருக்குக் கீழே 121 ஆடவர் பணியாற்றினர். பெங்களூரில் உடன்பயின்ற ஆடவரோடு அமர்ந்து உரையாட இயலாதிருந்தவர் அவர் என்பதை இங்கு நினைவுகூரலாம்.

தவறான அளவீட்டைக் காட்டிலும் அளவீடே இல்லாமை நன்று என்பது அவருடைய உறுதியான கொள்கை. கருவி ஒன்று பொய் சொன்னால் அதனை நம்பி எழுதப்படும் குறிப்புகள் அனைத்தும் பொய்யாகும். 1957 – 58ஆம் ஆண்டுகளில் உலக நாடுகள் ஒன்றுகூடிப் பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டைக் கொண்டாடியபோது, சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை இந்தியாவில் பரவலாக நிறுவினார். 1963இல் விக்ரம் சாராபாயின் வேண்டுகோளை ஏற்றுத் தும்பா ஏவுகணைத் தளத்தில் வானிலை ஆய்வகத்தையும் கருவிக் கோபுரத்தையும் அமைத்துக் கொடுத்தார்.

1960களில் ஓசோன் அவருடைய கருத்தை ஈர்த்தது. சூரியனின் தீய புறஊதாக் கதிர்களைத் தடுத்து உயிர்களைக் காக்கும் ஓசோன், தரையிலிருந்து இருபது முதல் முப்பது கிலோமீட்டர் உயரத்தில் மிகுதியாக உள்ளது. அதனை அங்கேயே சென்று அளப்பதற்குக் கருவியைப் பலூனில் கட்டி மேலே அனுப்ப வேண்டும். மேலே செல்லச் செல்லக் குளிரும் பெருகும். தென்னிந்தியாவின் மேலே 17 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை சுழியத்திற்குக் கீழ் 80 டிகிரியை எட்டும். கீழே கோடை வெயிலில் தார்ச்சாலை உருகும் நாளிலும் மேலே அதே குளிர்தான்.

அக்குளிரில் கருவியின் ஒவ்வோர் உறுப்பும் தன் இயல்பு மாறும். மசகெண்ணெய் கெட்டியாகும். மின்கலம் சோர்வுறும். டிரான்சிஸ்டரின் மின்பெருக்கம் குறைந்து, வானொலிக் குறிப்பின் அளவு விலகும். அவ்விலகலைக் காற்றின் வெப்பநிலை மாற்றம் என்று கீழே இருப்பவர் தவறாகப் படித்துவிட இடமுண்டு. ஆகவே இத்தகைய கருவிகளை முன்னதாகவே குளிரறையில் இட்டுச் சோதிப்பது வழக்கம். ஓசோனை அளக்கும் கருவியில் மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. சிறிய இறைப்பான் ஒன்று காற்றை இழுத்துப் பொட்டாசியம் அயோடைடு கரைசலுக்குள் குமிழிகளாகச் செலுத்தும். ஓசோன் அக்கரைசலிலிருந்து அயோடினைப் பிரிக்கும். அதனால் உண்டாகும் நுண்ணிய மின்னோட்டமே ஓசோனின் அளவைக் காட்டும். கரைசல் உறைந்தால் யாவும் வீண். வெப்பம் வெளியேறாத பெட்டிக்குள் அதனைப் பொதிந்து அனுப்ப வேண்டும். இவற்றையெல்லாம் எண்ணிச் செய்த ஓசோன் அளவி இந்தியாவிலேயே அம்மையாரின் குழுவினரால் உருவாக்கப்பட்டது. அத்தகைய கருவியைச் சொந்தமாகக் கொண்ட நாடுகள் அன்று மிகச் சில. பின்னாளில் அண்டார்க்டிகாவில் உள்ள இந்திய நிலையத்திலிருந்தும் இந்திய ஓசோன் அளவிகள் பறக்கவிடப்பட்டன. இருபத்திரண்டு வயதில் குளிரைப் பயன்படுத்தி ஒளியைத் தெளிவாக்கியவர், நடுவயதில் குளிரை எதிர்த்து அளவைக் காத்தார்.

1976இல் வானிலை ஆய்வுத் துறையின் துணைத் தலைமை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது பெயரளவில்தான். மூன்றாண்டுக் காலம் இராமன் ஆராய்ச்சி நிலையத்தில் வருகைப் பேராசிரியராக இருந்தார். தம் பட்டமில்லா ஆய்வேடு இருந்த அதே நிலையம் அது. சூரியக் கதிர்வீச்சுப் பற்றி 1980, 1981ஆம் ஆண்டுகளில் இரு நூல்களை வெளியிட்டார். இந்தியாவில் சூரிய மின்திட்டம் தீட்டுவோர்க்கு அவை அடிப்படை நூல்களாயின. 1983இல் காற்றாற்றல் அளவீடுகளைப் பற்றிய நூல் வெளிவந்தது. பெங்களூரில் காற்றின் வேகத்தையும் சூரிய ஆற்றலையும் அளக்கும் கருவிகளைச் செய்யும் சிறு தொழிற்கூடம் ஒன்றையும் நடத்தினார்.

காற்றாலை நிறுவுவதற்குக் காற்று அடிக்கிறது என்று தெரிந்தால் மட்டும் போதாது. எம்மாதத்தில், எவ்வேளையில், எவ்வேகத்தில் அடிக்கிறது என்று ஆண்டு முழுவதும் அளந்திருக்க வேண்டும். அவ்வளவின்றி நட்ட காற்றாலை நிழலுக்கும் உதவாது. பாலக்காட்டுக் கணவாய் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலம் உடையது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அவ்விடைவெளியில் காற்று குவிந்து பாய்கிறது. கணவாயில் உள்ள கஞ்சிக்கோட்டில் கேரள மின்வாரியத்தின் காற்றாலைகள் 1995இல் சுழலத் தொடங்கின. இடுக்கி மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில், தேனிச் சமவெளியைக் கீழே நோக்கி நிற்கும் இராமக்கல்மேட்டிலும் காற்றாலைகளைக் காணலாம். அவற்றின் அருகே வாழும் மாணவர்கள் அவை ஆனி, ஆடித் திங்கள்களில் எவ்வாறு சுழல்கின்றன என்பதையும், தை மாதத்தில் எவ்வாறு சுழல்கின்றன என்பதையும் ஓராண்டு குறித்து வைத்துப் பார்க்கலாம்.

1987இல் இந்திய தேசிய அறிவியல் கழகம் அவருக்குக் கே. ஆர். இராமநாதன் பதக்கம் அளித்தது. அம்மையார் திருமணம் செய்துகொள்ளவில்லை. மலைகளில் நடப்பதிலும் பறவைகளை நோக்குவதிலும் அவருக்குப் பெருவிருப்பம். 1994இல் பக்கவாதம் தாக்கியதால் அவரால் நடமாட இயலாது போயிற்று. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 16ஆம் நாள் திருவனந்தபுரத்தில் காலமானார். அவருடைய எண்பத்து மூன்றாம் பிறந்தநாளுக்கு அப்போது ஒரு வாரமே எஞ்சியிருந்தது.